பென்சிலுக்கு முன்னே விரல்கள்



ஆண்டுத் தொடக்கத்தில் முதலாம் வகுப்புக்குப் புதிதாக வந்து சேரும் பிள்ளைகளை உட்காரவைத்து, ஆளுக்கொரு பென்சிலைக் கொடுத்து, 'அ' எழுதச் சொல்லிவிட்டு நாங்கள் பலகையருகே நின்று பார்ப்பது வழக்கம். சில பிள்ளைகள் உடனே சுழிக்கத் தொடங்கிவிடுவார்கள். சில பிள்ளைகள் பென்சிலை உலக்கை பிடிப்பதுபோல் முழுக் கையாலும் பிடிப்பார்கள். இன்னும் சிலர் அழுத்துகிற அழுத்தத்தில் பென்சில் முனை முறியும், தாள் கிழியும், பிள்ளையின் கண்ணில் நீர் முட்டும். பாலர் பள்ளிக்குப் போய்வந்த பிள்ளைகளிலும் இப்படிப்பட்டவர்கள் உண்டு. இத்தகைய பிள்ளைகளைப் பற்றியும், அவர்களுக்காகப் பெற்றோர் வீட்டிலேயே காசு செலவில்லாமல் செய்யக்கூடிய கைவேலைகளைப் பற்றியும் இன்று பேசலாம் என்று எண்ணுகிறோம்.

முதலில் எங்கள் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன்பு, கிள்ளானுக்கு அப்பால் ஒரு செம்பனைத் தோட்டத்துப் பள்ளியில் நாங்கள் பணியாற்றியபோது ஒரு பையன் வந்து சேர்ந்தான். தகப்பனார் குலை வெட்டுகிறவர். தாயார் உதிரிப்பழம் பொறுக்குகிறவர். பையன் வாய்மொழியாக எதைக் கேட்டாலும் சொல்வான். கதை சொன்னால் மறுநாள் அப்படியே திருப்பிச் சொல்வான். ஆனால் எழுது என்றால் கை ஓடாது. மற்றப் பிள்ளைகள் ஒரு பக்கம் எழுதி முடிக்கும்போது அவன் இரண்டு எழுத்தில் நிற்பான். நாங்கள் என்ன செய்தோம்? "சோம்பேறி" என்றோம். ஓய்வு நேரத்திலும் உட்காரவைத்து எழுதச் சொன்னோம். ஒரே எழுத்தை ஐம்பது முறை எழுதச் சொன்னோம். இரண்டே வாரத்தில் பையன் காலையில் வயிற்றுவலி என்று சொல்லிப் பள்ளிக்கு வராமல் இருக்கப் பழகிக்கொண்டான்.

அவனைக் கையோடு அழைத்துக்கொண்டு வந்தவர் அவனுடைய பாட்டி. முப்பது ஆண்டுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். நாங்கள் குறை சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "டீச்சரம்மா, எங்களுக்குப் பால்வெட்டுப் பழக்கினப்போ முதல்ல நல்ல மரத்துல கத்திய வைக்க விடமாட்டாங்க. சாய்க்கப்போற கிழட்டு மரத்துல வெட்டி வெட்டிக் கை பழகினப்புறம்தான் நெரையில விடுவாங்க. இவனுக்கு நீங்க எடுத்ததுமே நல்ல மரத்தக் கொடுத்திட்டீங்களே!"

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் குழந்தை வளர்ச்சி பற்றி நாங்கள் படித்துத் தேர்வும் எழுதியிருக்கிறோம். ஆனால் அந்தப் பாடத்தின் பொருள் அன்று பள்ளித் தாழ்வாரத்தில்தான் எங்களுக்கு விளங்கியது.

பால்வெட்டு எப்படிப்பட்ட வேலை என்று தோட்டத்துக் குடும்பங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வெட்டுக்கு ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் பட்டைதான் போக வேண்டும். கத்தி கொஞ்சம் மேலோடு போனால் பால் குறையும். ஏனெனில் பால்குழாய்கள் நெருக்கமாக இருப்பது உட்பட்டையில்தான். கொஞ்சம் ஆழமாகப் போனால் மரத்தின் வளரும் படலம் காயப்பட்டு, புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வரும். விடியற்காலை இருட்டில், தலையில் கட்டிய விளக்கு வெளிச்சத்தில், நூற்றுக்கணக்கான மரங்களில் இந்த நுட்பத்தை நாள் தவறாமல் செய்த கைகள் நம் பெரியவர்களுடைய கைகள். "எங்களுக்கு எழுத்துத் தெரியாது, பிள்ளைக்கு நாங்கள் என்ன சொல்லிக்கொடுக்க முடியும்" என்று பெற்றோர் சிலர் எங்களிடம் சொல்லும்போது எங்களுக்கு மனவருத்தமாக இருக்கும். கைக்குப் பயிற்சி கொடுப்பதில் அவர்களுக்குத் தெரிந்தது எங்களுக்குத் தெரியாது.

இனி, பிள்ளையின் கை எப்படி வளர்கிறது என்று சற்றுப் பார்ப்போம். மனிதக் கை ஒன்றில் 27 எலும்புகள் இருக்கின்றன. அவற்றில் 8 சிறு எலும்புகள் மணிக்கட்டில் உள்ளவை. குழந்தை பிறக்கும்போது இந்த எட்டும் எலும்பாக இருப்பதில்லை, குருத்தெலும்பாகவே இருக்கின்றன. பிறந்த சில மாதங்களில் இரண்டு எலும்பாகத் தொடங்கும். பிறகு ஒவ்வொன்றாக இறுகி வந்து, கடைசி எலும்பு இறுகத் தொடங்க ஒன்பது, பத்து வயதுகூட ஆகும். ஆக, ஆறு வயதுப் பிள்ளை தன் மணிக்கட்டைப் பெரியவர்போல் உறுதியாக நிறுத்திக்கொண்டு எழுத வேண்டும் என்று எதிர்பார்ப்பது, பாதி கட்டிய வீட்டில் குடிபோகச் சொல்வது போலத்தான்.

கையின் திறமை தோளிலிருந்து விரலுக்கு இறங்கி வருகிறது. முதலில் தோள், பிறகு முழங்கை, பிறகு மணிக்கட்டு, கடைசியில் விரல் நுனி. ஆறு மாதக் குழந்தை எதையும் உள்ளங்கையால் வாரிப் பிடிக்கும். ஒன்பது, பத்து மாதத்தில் கீழே கிடக்கும் ஒரு சோற்றுப் பருக்கையைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளி எடுக்கும். தாய்மார்கள் அதைக் கண்டு வாயில் போட்டுவிடுமோ என்று பதறுவார்கள். பதறுவது சரிதான். ஆனால் அன்று அந்தக் குழந்தை கற்றுக்கொண்டது பெரிய வித்தை. பின்னாளில் ஊசி கோப்பதும், பூக்கட்டுவதும், பென்சில் பிடிப்பதும் அந்தக் கிள்ளலில் தொடங்குபவையே. மூன்று வயதில் பிள்ளைகள் பார்த்து வட்டம் போடுவார்கள். நான்கில் கூட்டல் குறி போடுவார்கள். ஐந்து வயதை ஒட்டிச் சதுரம் வரும். முக்கோணத்துக்கு அதற்கும் மேலாகும். ஒரு பிள்ளைக்கு ஆறு மாதம் முன்பின்னாக இருக்கலாம், அதனால் கவலைப்பட வேண்டியதில்லை. சதுரமே வராத கையில் 'ஐ' என்ற எழுத்தையும் 'ஞ' என்ற எழுத்தையும் திணித்தால் என்ன ஆகும்? தமிழ் எழுத்துகளில் சுழியும் வளைவும் மிகுதி. அதோடு நம் பிள்ளைகள் மலாய்க்கும் ஆங்கிலத்துக்கும் உரோமன் எழுத்தையும் சேர்த்தே கற்கிறார்கள். மற்ற நாட்டுப் பிள்ளைகள் பலரைவிட நம் பிள்ளைகளின் விரல்களுக்கு வேலை அதிகம்.

அப்படியானால் விரல்களைப் பழக்குவது எப்படி? சாயப் பென்சிலும் பளபளப்பான வண்ணத்தாளும் வாங்கிக் கொடுத்தால்தான் கைவேலை என்று பலரும் நினைக்கிறார்கள். கடைகளிலும் அப்படித்தான் பெட்டி பெட்டியாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். எங்களுக்கு அதில் அவ்வளவாக மதிப்பில்லை. நல்ல கைவேலைகளில் முதலாவது சமையற்கட்டில் இருக்கிறது.

முருங்கைக்கீரை ஆய்வதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கையால் காம்பைப் பிடித்து, மறு கையின் இரண்டு விரலால் இலையை உருவ வேண்டும். இரண்டு கையும் இரண்டு வேலை செய்ய வேண்டும். எழுதும்போதும் அதுதானே நடக்கிறது? ஒரு கை தாளைப் பிடிக்கிறது, ஒரு கை எழுதுகிறது. நெத்திலிக் கருவாட்டின் தலையைக் கிள்ளிப் போடுவது, தவ்கேயின் வால் கிள்ளுவது, சின்ன வெங்காயம் உரிப்பது, பருப்பில் கல் பொறுக்குவது ஆகிய எல்லாமே விரல் நுனிக்கு வேலை. நாலு வயதுப் பிள்ளை பத்து நெத்திலி கிள்ளினால் போதும், மீதியை அம்மா முடித்துக்கொள்ளலாம். பிள்ளை செய்தால் நேரமாகும், வீணாகும் என்பது உண்மை. அவசரமான நாளில் கொடுக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை கொடுங்கள். இன்னொன்று, இதைப் பெண்பிள்ளைகளுக்கு மட்டும் கொடுத்துவிட்டுப் பையன்களை விளையாட அனுப்பிவிடுகிறோம். எங்கள் வகுப்பில் பென்சில் பிடிக்கத் திணறுகிறவர்களில் பையன்களே அதிகமாக இருப்பதை ஆண்டுதோறும் காண்கிறோம். அதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனால் கீரை ஆயும் வேலை பையனுக்கு இல்லாமற்போனதும் ஒரு காரணமென்றே எங்களுக்குத் தோன்றுகிறது.

அடுத்தது மாவு. இரண்டு கிண்ணம் கோதுமை மாவு, ஒரு கிண்ணம் உப்பு, ஒரு கிண்ணம் தண்ணீர், கொஞ்சம் எண்ணெய். சப்பாத்திக்குப் பிசைவதுபோல் பிசைந்து, மஞ்சள்தூள் கலந்தால் மஞ்சள் நிறம் வந்துவிடும். ஈரத்துணியால் மூடி வைத்தால் சில நாள் தாங்கும். உப்பு மிகுதியாக இருப்பதால் வாயில் போட விடக்கூடாது. இதை உருட்டிக் கயிறாக்கி, அந்தக் கயிற்றை வளைத்து 'இ' செய்யலாம், 'ழ' செய்யலாம். எழுத்து முதலில் கைக்குள் உருண்டு வரட்டும். பிறகு தாளுக்குப் போகட்டும். மாவு வாங்க மனமில்லையென்றால் வாய்க்கால் ஓரத்துக் களிமண் இருக்கவே இருக்கிறது.

கத்தரிக்கோலுக்கு முன்னால் கிழித்தல் வர வேண்டும். பழைய நாளிதழை எடுத்து, இரண்டு கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அருகருகே இருக்கும்படி பிடித்து, ஒரு கையை முன்னும் மறு கையைப் பின்னும் நகர்த்திக் கிழிக்கச் சொல்லுங்கள். நாளிதழ் ஒரு பக்கமாகக் கிழித்தால் நேராகக் கிழியும், மறு பக்கமாகக் கிழித்தால் கோணிக்கொண்டு போகும். தாள் செய்யும்போது அதன் நார்கள் ஒரே திசையில் படிந்துவிடுவதுதான் காரணம். எந்தப் பக்கம் நேராகக் கிழிகிறது என்று பிள்ளையே கண்டுபிடிக்கட்டும். கிழித்த துண்டுகளை மரவள்ளி மாவுக் கஞ்சியால் ஓர் அட்டையில் ஒட்டினால் மீனோ மயிலோ ஆகிவிடும். மயிலாகாமல் போனாலும் பரவாயில்லை. பெற்றோர் குறுக்கே கையை விட்டு அழகுபடுத்தக் கூடாது. பள்ளிக் கண்காட்சிக்குப் பெற்றோரே செய்து அனுப்பும் கைவேலைகளை நாங்கள் பார்த்ததும் தெரிந்துகொள்வோம். பிள்ளை செய்ததில் கோந்து அதிகமாக வழிந்திருக்கும். எங்களுக்கு அதுதான் வேண்டும்.

தோட்டத்தில் இருப்பவர்களுக்கு ஓலையைப் போல் உதவும் பொருள் வேறில்லை. கோயில் திருவிழாவுக்குத் தென்னங்குருத்தில் தோரணம் முடைகிறார்கள் அல்லவா? அந்த இடத்தில் பிள்ளையை உட்காரவைத்துவிடுங்கள். கிளி, காத்தாடி, ஊதல், பாம்பு என்று முடையத் தெரிந்த தாத்தாக்கள் இன்னும் பல லயங்களில் இருக்கிறார்கள். தாத்தா இல்லாத வீட்டில் தாளிலேயே செய்யலாம். ஒரே அகலமுள்ள இரண்டு நீண்ட தாள் பட்டைகளை எடுத்து, அவற்றின் முனைகளை ஒன்றன்மேல் ஒன்றாக மூலைமட்டமாக ஒட்டுங்கள். கீழே இருக்கும் பட்டையை மேலே மடித்துப் போடுங்கள். இப்போது கீழே இருப்பது மற்றப் பட்டை, அதை மேலே மடியுங்கள். இப்படியே மாறி மாறி மடித்துக்கொண்டு போனால் இழுத்தால் நீளுகிற பாம்பு கிடைத்துவிடும். ஆறு வயதுப் பிள்ளை ஒரே நாளில் கற்றுக்கொள்ளும். ஒவ்வொரு மடிப்பையும் நகத்தால் நீவி அழுத்த வேண்டும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது. அந்த நீவலில்தான் விரலுக்குப் பலம் ஏறுகிறது.

இந்த ஓலைக்கலை நமக்கு மட்டும் உரியதும் அன்று. மலாய்க் குடும்பங்களில் பெருநாளுக்குக் கெத்துப்பாட் கூடு முடைவதைப் பார்த்திருப்பீர்கள். கேரித் தீவில் நம்மவர்கள் வேலை செய்த செம்பனைத் தோட்டங்களுக்கு அருகிலேயே வாழும் மா மெரி என்னும் பூர்வகுடி மக்கள், தங்கள் முன்னோரை வணங்கும் ஹரி மோயாங் விழாவுக்கு ஓலையை மடித்து மடித்துச் செய்யும் அலங்காரங்கள் புகழ்பெற்றவை. ஒருமுறை அங்கே பிள்ளைகளை அழைத்துப்போனபோது, மொழி தெரியாத ஒரு மூதாட்டியும் எங்கள் பள்ளிச் சிறுமி ஒருத்தியும் ஒரு வார்த்தை பேசாமல் ஓலைப் பூ ஒன்றைச் செய்து முடித்தார்கள். செம்பனை ஓலை தென்னை ஓலையைப் போல் இளகியதன்று. அடிமட்டையில் முள்ளும் உண்டு. ஆகையால் பெரியவர்கள் ஈர்க்கைச் சீவி எடுத்துக் கொடுக்க வேண்டும். பப்பாளி இலைக்காம்பைச் சிறு வளையங்களாக நறுக்கிக் கொடுத்து, அந்த ஈர்க்கில் கோக்கச் சொல்லலாம். பாசிமணி கோப்பதற்கு முந்திய பாடம் அது. (செம்பனையை வாணிகத்துக்காக இந்நாட்டில் முதன்முதல் பயிரிட்டது 1917-ல், நம் சிலாங்கூரில் உள்ள தென்னமரம் தோட்டத்தில். பேர் தென்னமரம், நட்டது செம்பனை! பிள்ளைகளிடம் சொன்னால் சிரிப்பார்கள்.)

தோட்டத்தை விட்டுக் கிள்ளான், பூச்சோங் பக்கத்து அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபோன குடும்பங்களும் இப்பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். ஓலைக்கு எங்கே போவது என்பீர்கள். கொடியில் துணி மாட்டும் கிளிப்பை அழுத்தித் திறந்து ஒரு டின்னின் விளிம்பில் வரிசையாக மாட்டச் சொல்லுங்கள். மைலோ டின்னின் மூடியில் காசு நுழையுமளவு துளையிட்டு, பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போடச் சொல்லுங்கள். பிஸ்கட் அட்டையில் ஆணியால் துளையிட்டு, சப்பாத்துக் கயிற்றை அதில் ஏற்றி இறக்கித் தைக்கச் சொல்லுங்கள். துணியைப் பிழிவதும் நல்ல பயிற்சியே. தன் கைக்குட்டையைத் தானே துவைத்துப் பிழிகிற பிள்ளையின் மணிக்கட்டு தானாக வலுப்படும்.

வார இறுதியில் ஒரு நாள் கொமுட்டர் இரயிலேறிக் கே.எல். சென்ட்ரலில் இறங்கிப் பிரிக்ஃபீல்ட்ஸ் கடைத்தெருவுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லலாம். கிள்ளானில் இருப்பவர்களுக்குத் தெங்கு கிளானா சாலையே போதும். பூக்கடை முன்னால் ஐந்து நிமிடம் நில்லுங்கள். மாலை கட்டுகிறவர் பேச்சுக் கொடுத்துக்கொண்டே, பூவைப் பார்க்காமலே, நாரைச் சுற்றி முடிச்சிட்டு இறுக்குவார். எத்தனை பூ ஒரு முழத்துக்கு என்று பிள்ளையை எண்ணச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்து செம்பருத்தி இலையையும் வாழைநாரையும் கொடுத்துக் கட்டச் சொல்லுங்கள். முதல் நாள் எல்லாம் உதிர்ந்துதான் போகும்.

அதே பிரிக்ஃபீல்ட்ஸில்தான் 1951-ல் தொடங்கப்பெற்ற மலேசியப் பார்வையற்றோர் சங்கமும் இருக்கிறது. அந்த வட்டாரத்துச் சாலைகளில் வெள்ளைக் கோலூன்றி நடந்துபோகிறவர்களைப் பிள்ளைகள் பார்ப்பார்கள். அவர்கள் ஆறு புள்ளிகளாலான பிரெயில் எழுத்தை விரல் நுனியால் தடவிப் படிப்பவர்கள் என்று நாங்கள் சொல்வோம். பிறகு வகுப்பில் அட்டையில் ஊசியால் குத்திப் புள்ளியெழுப்பி, கண்ணை மூடிக்கொண்டு எத்தனை புள்ளி என்று தடவிச் சொல்லச் செய்வோம். விரலுக்கும் கண் உண்டு என்பது பிள்ளைகளுக்கு அன்று தெரியவரும். பல்லாங்குழி, அஞ்சாங்கல் ஆகியவை பற்றி விரித்துச் சொல்ல நேரமில்லை. அவையும் இந்தக் கணக்கில் சேர்ந்தவை.

"இதெல்லாம் விளையாட்டு, படிப்பாகுமா?" என்று கேட்கிற தகப்பனார்கள் உண்டு. ஜெர்மனி நாட்டில் 1837-ல் சிறுபிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளி தொடங்கி, 1840-ல் அதற்குக் 'குழந்தைகளின் தோட்டம்' என்று பொருள்படும் கிண்டர்கார்ட்டன் என்ற பெயரை இட்டவர் ஃபுரோபெல் என்பவர். தாள் மடித்தல், தாள் பின்னல், களிமண், அட்டையில் தையல் ஆகியவை அவருடைய பாடத்திட்டத்தில் இருந்தன. 1907-ல் ரோமாபுரியில் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் பள்ளி தொடங்கியவர் மரியா மாண்டிசோரி அம்மையார். பொத்தான் போடுவதையும் முடிச்சிடுவதையும் தண்ணீர் ஊற்றுவதையும் அவர் பாடமாகவே வைத்தார். அவர் 1939-ல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார். போர் மூண்டதால் 1946 வரை இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளை வைத்துத்தான் அவர் தம் முறையைக் கண்டறிந்தார் என்பதை நாம் நினைவில் வைப்பது நல்லது. இப்போது அந்தப் பெயரைப் பலகையில் எழுதிவைத்துப் பெருந்தொகை வாங்கும் பாலர் பள்ளிகள் நகரத்தில் இருக்கின்றன.

இன்னொரு செய்தி. சென்னை எழும்பூரில் அநாதைப் பிள்ளைகளின் பள்ளியொன்றை நடத்திவந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைக் கண்டு, அந்த முறையைத் தம் பள்ளியில் கொண்டுவந்தார். ஊர் திரும்பி 1797-ல் அதைப் பற்றி ஒரு நூலும் வெளியிட்டார். அதன்பின் இங்கிலாந்துப் பள்ளிகளிலும் பிள்ளைகள் மணற்பெட்டியில் எழுதினார்கள். நம் பாட்டன்மார் திண்ணைப் பள்ளியில் செய்தது அது. விஜயதசமியன்று அரிசியில் பிள்ளையின் விரலைப் பிடித்து எழுதுவிக்கிறோம். அந்த ஒரு நாளோடு நிறுத்திவிடாமல், ஒரு தட்டில் மணலோ அரிசிமாவோ பரப்பி, தினமும் ஐந்து நிமிடம் எழுதவிட்டால் என்ன? தவறினால் தட்டை அசைத்தால் அழிந்துவிடும். ரப்பரும் வேண்டாம், திட்டும் வேண்டாம். கோலமும் இதே போன்றதுதான். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மாவைக் கிள்ளி, அளவாக நழுவவிட்டு, புள்ளியைச் சுற்றி வளைப்பதும் 'ஞ' எழுதுவதும் ஒரே விரல் வேலை.

பாட்டி வந்துபோன பிறகு அந்தப் பையனிடமிருந்து நாங்கள் பென்சிலை வாங்கி வைத்துவிட்டோம். பாதிவிரல் நீளமுள்ள உடைந்த சுண்ணக்கட்டியைக் கொடுத்துப் பலகையில் நின்றுகொண்டு எழுதச் சொன்னோம். கட்டி சிறியதாக இருந்தால் முழுக் கையால் பிடிக்க முடியாது, மூன்று விரலால்தான் பிடித்தாக வேண்டும். செங்குத்தான பலகையில் எழுதும்போது மணிக்கட்டும் தானாகப் பின்னோக்கி வளைந்து உறுதிப்படும். வீட்டில் பாட்டி கீரையும் ஓலையும் கொடுத்துவந்தார். ஏழெட்டு மாதம் கழித்துப் பென்சில் திரும்ப அவன் கைக்கு வந்தது. அவன் எழுத்து முத்துமுத்தாக ஆகிவிட்டது என்று சொன்னால் அது பொய். கோணலாகத்தான் எழுதினான், மெதுவாகத்தான் எழுதினான். ஆனால் படிக்கும்படி எழுதினான், காலையில் வயிற்றுவலியும் நின்றுவிட்டது. அவனுக்கு முந்திய ஆண்டுகளில் எங்களிடம் "சோம்பேறி" என்று பெயர் வாங்கிக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளை நினைத்தால் இன்றும் எங்களுக்கு உறுத்துகிறது.

சில எச்சரிக்கைகள். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையிடம் மணி, பொத்தான், விதை, காசு எதையும் தனியே கொடுக்கக்கூடாது. தொண்டையில் சிக்கும். அதற்கு மேற்பட்ட பிள்ளைகளும் பெரியவர் பார்வையில்தான் செய்ய வேண்டும். ரப்பர் விதையை வைத்து விளையாடலாம், ஆனால் பச்சையாகக் கடித்துத் தின்றால் அதில் நஞ்சு உண்டு. சாகா என்று இங்கே சொல்லும் சிவப்பு விதை வேறு, கருப்புக் கண்ணுள்ள குன்றிமணி வேறு. குன்றிமணி கொடிய நஞ்சு. அதைக் கோப்பதற்காக ஊசியால் துளையிடுவதே ஆபத்து. எது எதுவென்று ஐயமிருந்தால் இரண்டையும் விட்டுவிட்டுப் பப்பாளிக் காம்போடு நின்றுகொள்ளுங்கள்.

இடக்கைப் பிள்ளைகள் பற்றியும் கேட்கிறார்கள். இடக்கையால் எழுதுவது குற்றமன்று, நோயுமன்று. சாப்பிடுவதற்கும் பெரியவர்களுக்குப் பொருள் கொடுப்பதற்கும் வலக்கையை நம் வழக்கப்படி பழக்குங்கள், அதில் தடையில்லை. எழுதும் கையை அடித்து மாற்ற வேண்டாம். சாதாரணக் கத்தரிக்கோல் அவர்கள் கைக்கு வெட்டாது, கோணிக்கொள்ளும். அதற்குப் பிள்ளையைக் குறை சொல்லக்கூடாது. இடக்கைக்கென்றே செய்த கத்தரிக்கோல் கடையில் கிடைக்கிறது.

கைத்தொலைபேசியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்பீர்கள். வேலைக்குப் போய்வந்து அலுத்துக் கிடக்கும் தாயிடம், பிள்ளையின் கையில் தொலைபேசியைக் கொடுக்காதே என்று சொல்வது எங்களுக்கு எளிது. அவருக்கு அன்று எளிதன்று. ஆகவே ஒன்று மட்டும் சொல்கிறோம்: கண்ணாடியில் விரலைத் தேய்ப்பதற்குக் கிள்ளும் பலமும் வேண்டாம், பிடிக்கும் பலமும் வேண்டாம். அரைமணி தொலைபேசி என்றால் கால்மணியாவது மாவோ கீரையோ கொடுத்துவிடுங்கள்.

சில பிள்ளைகளுக்கு வீட்டுக் கைவேலை மட்டும் போதாது. ஒரு வயது நிறைவதற்குள்ளாகவே ஒரு கையை மட்டும் பயன்படுத்தி மறு கையை மடக்கியே வைத்திருக்கும் குழந்தை, நாலு வயதாகியும் கரண்டியைப் பிடித்து உண்ண முடியாத பிள்ளை, முன்பு செய்த வேலையை இப்போது செய்ய முடியாமற்போன பிள்ளை ஆகியோரை அரசாங்கச் சுகாதார மருந்தகத்துக்கு அழைத்துச் சென்று காட்ட வேண்டும். தேவையானால் கைப்பயிற்சி அளிக்கும் வல்லுநர் இருக்கும் மருத்துவமனைக்கு அங்கிருந்தே எழுதிக்கொடுப்பார்கள். "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று அக்கம்பக்கத்தார் சொல்வதைக் கேட்டு நாளைக் கடத்த வேண்டாம். குழந்தைப் பருவத்தில் ஓராண்டு என்பது பெரிய காலம்.

பிள்ளை வீட்டில் முடைந்த பாம்பையோ, கிழித்து ஒட்டிய மீனையோ குப்பையில் போட்டுவிடாமல் ஒரு பையில் வைத்து, திங்கட்கிழமை வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். அதைப் பார்த்தால் பிள்ளையின் கை எந்த நிலையில் இருக்கிறது என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். கோந்து வழிந்திருந்தாலும் வெட்கப்பட வேண்டாம். வகுப்பறைச் சுவரில் இடம் இருக்கிறது.